காப்பிக் கலர் கோட்டும் பழுப்புக் கொழுப்பும்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்த காலம். நான் கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கார்த்திகைக் கடைசியில் எனக்குக் கல்யாணம். நாட்டுக்கு ஆயிரம் கவலை. எனக்கு ஒன்றே ஒன்று, கோட்டு.

எங்கள் பக்கத்தில் வரவேற்புக் கோட்டைப் பெண் வீட்டார்தான் தைத்துத் தருவார்கள். மாப்பிள்ளையை நிற்க வைத்து டேப்பைச் சுற்றுவது மரியாதை இல்லையாம். அளவு சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போவார்கள். சின்னசேலத்திலிருந்த என் அம்மா, இருப்பதிலேயே நல்லதாகக் கொடுக்க நினைத்து, பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் படிக்கிற காலத்துச் சட்டை அது. அப்போது நான் காற்றடித்தால் பறப்பேன். மலைக்கு வந்த மூன்று வருஷத்தில் தேனும் நாட்டுக்கோழியும் என்னைக் கவனித்துக்கொண்டன.

சங்கராபுரத்தில் தைத்த காப்பிக் கலர் கோட்டு பஸ்ஸில் மலையேறி வந்தது. போட்டுப் பார்த்தேன். பொத்தானும் காஜாவும் எட்ட நின்று பார்த்துக்கொண்டனவே தவிர, கிட்டே வரவில்லை. கூடவே அம்மாவின் கடிதம்: தாலி கட்டும் வரை பெண் வீட்டுத் துணியில் கத்திரி படக்கூடாது, ஒரு தையலும் பிரியக்கூடாது. கோட்டைத் தொட முடியாது. இனி குறைய வேண்டியது நான்தான். பெண் பார்க்கப் போனபோது அவள் தலையே நிமிரவில்லை. பழைய போட்டோவைப் பார்த்துத்தான் சரி சொல்லியிருப்பாள், ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பாளே என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

எங்கள் டாக்டர் என்னைவிட இரண்டு வயது சின்னவர், எந்நேரமும் படிப்பவர். ஒரு மருத்துவப் பத்திரிகையை வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார். வெள்ளைக் கொழுப்பு சேர்த்து வைக்கும். பழுப்புக் கொழுப்பு எரித்துச் சூடாக்கும். பிறந்த குழந்தை குளிர் தாங்குவது அதனால்தான். எலியைக் குளிரில் வைத்தால் அதன் வெள்ளைக் கொழுப்புக்கு நடுவிலேயே பழுப்புச் செல்கள் தலைகாட்டுகின்றனவாம். "இது எலிக்கு. மனுஷங்களுக்கு இன்னும் சரியாத் தெரியாது" என்றும் சொன்னார். அதை மட்டும் என் காது வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாளே கம்பளியைக் கட்டி மூலையில் போட்டேன். விடிவதற்குள் அருவியில் போய் நின்றேன். வெறும் பனியனோடு மருந்து கொடுத்தேன். பல் தந்தியடித்ததில், எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று நான் சொன்னது யாருக்கும் விளங்காமல், நோயாளிகள் திரும்ப டாக்டரிடமே போய் நின்றார்கள்.

குளிர் எடுத்தால் பசியும் எடுக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சமைத்துப் போட்ட மலைக்கார அம்மா, நான் நடுங்குவதைப் பார்த்து மனம் இளகி, சாமைச் சோற்றை இரண்டு பங்காக வைத்தார். நானும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டேன். பத்து நாள் கழித்து எடை பார்த்தால் ஒரு கிலோ கூடியிருந்தது. டாக்டர் மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார். அதே ஒரு கிலோ. "எலிக்கு எவ்வளவு தீனி வெச்சாங்கன்னு பாக்கணும்" என்று பத்திரிகையைப் புரட்டினார்.

அதற்குள் மறியலில் பஸ் நின்றுபோனது. வரவேற்புக்கு முதல் நாள் கோட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே மலையிறங்கினேன். அடிவாரம் தாண்டி ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. கல்யாண மாப்பிள்ளை என்றதும் மறியல்காரர்கள் தடுக்கவில்லை. நான் மரத்தில் ஏறத் தெரியாமல் தவித்ததைப் பார்த்து, நாலு பேர் சேர்ந்து தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். "மலையில சோத்துக்கே கஷ்டம்னாங்க. இன்னா சார் இது" என்றார் ஒருவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

வரவேற்பில் பொத்தான் போடாத கோட்டை மாலை மறைத்துக் காப்பாற்றியது. முன்பக்கம் பற்றிய கவலையில் பின்பக்கத்தை மறந்துபோனேன். பெண்ணின் பெரிய தாத்தா மேடையேறினார். காலில் விழுந்து கும்பிட வேண்டும். விழுந்தேன். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்திய அந்த நேரம் பார்த்து, முதுகில் டர்ரென்று கிழிந்தது. பந்திக்கு எழுந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது.

யாரோ போர்த்திய சால்வையை எடுத்து அவள் என் முதுகில் போட்டாள். தலை நிமிராமலே மெல்லச் சொன்னாள்.

"காப்பி எடுத்துக்கினு வந்தப்பவே உங்கள நல்லாப் பாத்துட்டேங்க. அளவு சட்ட வந்தப்பவே தெரியும், இது உங்களுக்குப் பத்தாதுன்னு. மாப்ள வூட்ல குடுத்த அளவ மாத்தக் கூடாதுன்னுட்டாரு அப்பா. அதான் டைலர்கிட்ட சொல்லி, உள்தையல்ல ரெண்டு பக்கமும் நாலு விரல் துணி வுட்டு வெச்சேன். பிரிச்சே பாக்கலியா?"

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அதைப் பார்த்து, "குளுருதா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். பத்து நாள் அருவியில் நின்றும் வராத சூடு, அப்போதுதான் உடம்பெல்லாம் ஏறிக்கொண்டிருந்தது.