பஸ் ஜன்னல்களில் ஒரு அக்கா

ஒரகடம் சாலை நெரிசலில், ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்களுக்கு நடுவே எங்கள் கார் நிற்கிறது. நானும் கணவர் சாமுவேலும் ஏழு வருடம் ஜெபித்து, நார்வேயிலிருந்து வந்து தத்தெடுத்த நான்கு வயது மகள் என் மடியில் இருக்கிறாள். ஒவ்வொரு பஸ் ஜன்னலாகப் பார்த்து "அக்கா, அக்கா" என்கிறாள்.

"யாரைக் கூப்பிடுறா?" என்று, ஏர்போர்ட் வரை துணைக்கு வரும் காப்பக ஆயாவைக் கேட்கிறேன்.

"கூடப் பொறந்த அக்காவத்தாம்மா. பதினெட்டு முடிஞ்சதும் வெளிய அனுப்பிட்டாங்க. இங்கதான் ஒரு கம்பெனி லைன்ல வேல செஞ்சினு கீது. உங்களாண்ட சொல்லலியா?"

"இல்லையே. இவ போறது அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"ஞாயித்துக்கெழம பாக்க வரும். அப்ப சொல்லிக்கலாம்னுட்டாங்க எங்க காப்பகத்து மேடம்."

காலையில் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்ன சாமுவேல் தலைகுனிந்திருக்கிறார். காரைத் திருப்பச் சொல்ல எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. குழந்தை பக்கத்துக் கண்ணாடியை நான் ஏற்றிவிடுகிறேன்.