பிரேக்கிடம் தோற்ற கேமரா

"இதோட ஜூமைப் பாருங்கம்மா. தெருமுனையில நிக்கிற ஆளோட சட்டைப் பொத்தானை எண்ணிடலாம்" என்று கடைக்காரர் ஒரு வீடியோ கேமராவைத் தூக்கிக் காட்டினார்.

"எங்க வீடே உங்க கடையில பாதிதான். அதுக்குள்ள யாரோட பொத்தானை எண்ணப் போறேன்? அதை உள்ள வைங்க."

கேமரா வாங்க வந்த வார்டு அக்கா அதற்குள் மூன்றை ஒதுக்கிவிட்டாள். ஒன்று கண்ணாடிப் பெட்டிமேல் வைத்ததும் பொத்தென்று கவிழ்ந்தது. அடுத்ததற்குப் பேட்டரி சோளப்பொரி அளவு. மூன்றாவது நல்ல கேமராதான், ஆனால் கடையின் பின்கட்டு இருட்டில் வைத்துப் பார்த்தபோது படம் முழுக்க மணலை வாரி இறைத்தது போல் புள்ளி புள்ளியாக வந்தது. அவள் வீட்டு முன்னறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது.

"பேசாம போன்லயே எடுத்துடலாமேம்மா" என்றார் கடைக்காரர், பொறுமை போய்.

"ஒரு கையில போனைப் புடிச்சிட்டு நின்னா, கை கால் வராத எங்க வீட்டுக்காரரை யாரு புடிக்கிறது? நீங்க வருவீங்களா?"

அதற்குப் பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. உள்ளே போய், அடிப்பாகம் தட்டையாக உள்ள ஒரு கேமராவைக் கொண்டுவந்தார். அதன் பக்கவாட்டில் கதவு போலத் திறக்கும் சின்னத் திரை இருந்தது. அந்தத் திரையை முழுசாகத் திருப்பினால், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம். வார்டு அக்கா திரையைத் திறந்து, திருப்பி, மறுபடி திருப்பினாள். அதில் தன் முகம் தெரிந்ததும் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"இதைக் கட்டுங்க" என்றாள்.

*

அவளை எல்லோரும் வார்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள முறையாகப் பயிற்சி எடுத்தவள். ஊரார் வீட்டு நோயாளிகளைப் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, ஊட்டி, அதட்டி, நடக்க வைத்தே இடுப்பை ஒடித்துக்கொண்டவள். ஓய்வு என்று உட்காரப்போன நேரத்தில் சொந்த வீட்டிலேயே ஒரு நோயாளி முளைத்தார்.

அவர் புருஷன். டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராக இருந்தவர். ஓட்டப் பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியிலும் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்தவர். கத்த மாட்டார், திட்ட மாட்டார். தப்பு நடந்தால் தன் பக்கத்துப் பிரேக்கை ஒரே மிதி. பிறகு "ஓரமா நிறுத்து" என்று இரண்டே வார்த்தை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது, அன்றைய பாடம் முடிந்தது. பழகப் போனவர்கள் வைத்த பெயர்தான் பிரேக். அது கடைசியில் வீடு வரைக்கும் வந்துவிட்டது.

பக்கவாதம் அவருடைய வலது கையையும் வலது காலையும் பேச்சையும் ஒரே அடியில் எடுத்துக்கொண்டது. பேச்சு கொஞ்சம் திரும்பியது. இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் திரும்புவது பெரும்பாலும் வசவுதான் என்பது வார்டு அக்காவுக்குத் தெரியும். அதனால் கஞ்சி சுட்டபோது அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை தெளிவாக வந்து விழுந்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். பிறகு "சூடு" வந்தது. "போ" வந்தது. "வேணாம்" வந்தது. எல்லாம் அவளிடம் மட்டும். வேறு யார் வாசற்படி ஏறினாலும் வாய் பூட்டிக்கொள்ளும். கோணல் வாயோடு உளறுவதை அடுத்தவர் பார்க்கக் கூடாது என்ற வீம்பு.

அந்த வீம்பில்தான் வினையும் வந்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் மாதம் ஒருமுறை வருவான். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவன் பேசிப் பார்ப்பான், கையைப் பிடித்துப் பார்ப்பான், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவான். போன தடவை வந்தபோது ஒரு முடிவோடு வந்திருந்தான்.

"அம்மா, ஒரு பராமரிப்பு இல்லத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன். உன் இடுப்பு இருக்கிற லட்சணத்துல அவரைத் தூக்கித் தூக்கி நீயும் படுத்துட்டா என்ன பண்றது?"

"அவரைக் கேட்டியா?"

"அவரை என்னத்தைம்மா கேக்கறது? அவருக்கு எதுவும் தெரியல. எங்க இருந்தாலும் அவருக்கு ஒண்ணுதான்."

"என்கிட்ட பேசறாருடா."

"நீயா அப்படி நெனச்சுக்கிற."

பிரேக்கின் தங்கை, அதாவது வார்டு அக்காவின் நாத்தனார், பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாள். "அவன் சொல்றதும் சரிதானே அண்ணி? நான் அண்ணேன்னு கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டேங்கிறாரு."

"பேச்சு நின்னதுக்கு முன்னாடியும் நீ கூப்பிட்டா திரும்ப மாட்டாரு" என்றாள் வார்டு அக்கா.

ஆனாலும் அடுத்த வருகையில் அழைத்துப்போவது என்று பேச்சு முடிந்துவிட்டது. அதற்குள் அவர் பேசுவதை மகனுக்குக் காட்டியாக வேண்டும். அவன் முன்னால் பேச மாட்டார். சரி, அவன் இல்லாதபோது பேசுவதைப் பிடித்து வைத்துவிட்டால் ஆயிற்று. கேமரா வந்த கதை இதுதான்.

*

சக்கரம் வைத்த சாப்பாட்டு மேஜை ஒன்று இருந்தது. அதை அவர் நாற்காலிக்கு முன்னால் தள்ளி, கேமராவை வைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயை அசைத்துப் பழகினால் வார்த்தை சீக்கிரம் பிடிபடும் என்பது அவள் கணக்கு.

"என்னங்க, இதுல பாருங்க. உங்க பேரைச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். தொங்கிய வாயையும், சரிந்த கண்ணையும், சவரம் செய்யாத கன்னத்தையும் பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் இடது கையால் தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தூங்குவது போல் குறட்டை விட்டார். குறட்டைக்கு நடுவே ஒற்றைக் கண்ணைத் திறந்து, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். கேமராவை அணைத்ததும் "போ" என்றார், சுத்தமாக.

"இதை ஒரு நிமிஷம் முன்னாடி சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, சினிமாப் படம் புடிக்கிறீங்களா? ஹீரோ கால்ஷீட் தர மாட்டேங்கிறாரு போல."

"வில்லி வேஷம் காலியா இருக்கு. வரியா?"

தான் முன்னால் நிற்பதால்தான் இந்த அடம் என்று நினைத்து வார்டு அக்கா உத்தியை மாற்றினாள். கேமராவை ஓடவிட்டு, எதுவும் தெரியாதவள் போலச் சமையலறைக்குப் போய் அங்கிருந்தே பேச்சுக் கொடுத்தாள். வெளியில் மழை வருமா, குழம்பில் உப்பு போதுமா, அந்தக் காலத்தில் ஓட்டப் பழகும்போது காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினாளே ஒருத்தி, அவள் பெயர் என்ன. முதலில் கேமரா ஓடியது, அவர்தான் வாய் திறக்கவில்லை; பிறகு திரும்பி வந்து பார்த்தால் திரை மடங்கி, கேமரா அணைந்து கிடக்கும், பழுதானால் அப்படித்தான் மடங்கும் போல என்று நினைத்துக்கொள்வாள். மறுபடி போட்டுவிட்டுப் போவாள். மறுபடி அணைந்திருக்கும். பேட்டரியை மாற்றிப் பார்த்தாள், சுவர் பிளக்கில் செருகிப் பார்த்தாள். அவள் நின்றால் ஓடுகிறது, நகர்ந்தால் சாகிறது.

மகன் வரும் நாள் நெருங்கிவிட்டது. கையில் ஒரு வார்த்தைகூட இல்லை. கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள்.

"ஓட்டைச் சாமானைத் தலையில கட்டிட்டீங்க" என்று வாடிக்கையாளர்கள் காதுபட ஆரம்பித்தாள். "நான் பக்கத்துல இருக்கிற வரைக்கும் ஓடுது, அந்தப் பக்கம் போனதும் நின்னுடுது. இது என்ன கேமராவா, வேலைக்கு வந்த ஆளா?"

கடைக்காரர் வாங்கி, புரட்டி, அழுத்திப் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை. கடைசியாக எடுத்ததை ஓடவிட்டார். இருவரும் தலையைச் சேர்த்துக் குனிந்து பார்த்தார்கள்.

நாற்காலியில் பிரேக். சமையலறையிலிருந்து அவளுடைய குரல். பிரேக் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு முதுகை நாற்காலியிலிருந்து பிரித்து, மெல்ல, மேஜைக்கு மேலாக முன்னால் குனிந்தார். இடது கை கேமராவை நோக்கி வந்தது, பெரிதாகிக்கொண்டே வந்தது. திரை திரும்பும் சத்தம், பிறகு டக்கென்று மூடும் சத்தம். அதோடு படம் முடிந்தது.

"ஓ!" என்று கடைக்காரர் சிரித்துவிட்டார். "திரையை மூடினா கேமரா தானா அணைஞ்சிடும்மா. அப்படித்தான் செஞ்சிருக்காங்க. நான் சொல்ல மறந்துட்டேன். ஐயா தானா கண்டுபிடிச்சிருக்காரு."

வார்டு அக்கா சிரிக்கவில்லை. "இதுக்கு முந்தினதைப் போடுங்க" என்றாள்.

முந்தையது, அதற்கும் முந்தையது என்று பின்னோக்கிப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் அந்தக் கை பாதி வழியிலேயே விழுந்திருந்தது. அடுத்த தடவை திரையைத் திருப்பாமல் அப்படியே மூடப் பார்த்திருக்கிறார். அப்படி மடக்கினால் திரை வெளிப்பக்கம் பார்த்தபடியே இருக்கும், அணையாது என்று கடைக்காரர் விளக்கினார்; கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து அவர் யோசித்தது படத்திலேயே தெரிந்தது. மறுதடவை திரையை முதலில் திருப்பினார், பிறகு மூடினார். அதிலிருந்து தப்பே இல்லை.

"வேற கேமரா மாத்தித் தரவாம்மா?"

"எதுக்கு? இது தங்கமா வேலை செய்யுது" என்று பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கேமராவை மேஜையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"திருட்டுப் பயபுள்ளை" என்றாள் அவள், வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருஷனை. அவருடைய வாயின் நல்ல பக்கம் மட்டும் மேலே ஏறியது.

*

மகன் வந்தான். அப்பாவின் துணிகளை வைக்கப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தான். நாத்தனாரும் வந்து உட்கார்ந்தாள்.

"பெட்டியை வாசல்லயே வை. முதல்ல இதைப் பாரு" என்று வார்டு அக்கா கேமராவைத் தொலைக்காட்சியில் இணைத்தாள். எதையும் வெட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பியது, துண்டு, கள்ளக் குறட்டை, விழுந்த கை, மடங்கிய திரை, டக், டக், டக். பிரேக் தன் நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மகன் பெருமூச்சு விட்டான். "அம்மா, பேசறாருன்னு சொன்ன. இதுல ஒரு வார்த்தைகூட இல்லையே."

"இல்லை. நான் காட்ட நெனச்சது எனக்குக் கிடைக்கல, அவரு குடுக்கல. ஆனா நீ என்ன சொன்ன? எதுவும் தெரியலன்னு சொன்ன. எதுவும் தெரியாதவருக்கு எதுக்குடா இவ்வளவு அடம்? கேமரா எதுன்னு தெரியுது, எப்ப ஓடுதுன்னு தெரியுது, நான் எப்ப அந்தப் பக்கம் போவேன்னு தெரியுது. எப்படி அணையும்னு எனக்கே தெரியாது, அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"அண்ணன் கை தவறிப் பட்டிருக்கும்" என்றாள் நாத்தனார், சுருதி இறங்கிப் போய்.

"ஆமா, தினமும் தவறிப் பட்டுது."

"சரிம்மா, புரியுதுன்னே வச்சுக்குவோம்" என்றான் மகன். "உன் இடுப்பு? யாரு தூக்கறது?"

"தூக்க வேணாம். நாற்காலியை விட்டு எழுந்திருக்கணும்னா முதல்ல முன்னால குனியணும். தலை முட்டியைத் தாண்டி வரணும். எவ்வளவோ பழக்கினேன், குனிய மாட்டேன்னு பின்னால சாஞ்சிட்டே இருந்தாரு. அதனாலதான் நான் தூக்கினேன். இப்பப் படத்துல பாத்தியா, கேமராவை மூட எவ்வளவு தூரம் குனியறாருன்னு? நேத்து கேமராவை இன்னும் கொஞ்சம் தள்ளி வச்சேன். கோவத்துல பாதி எழுந்துட்டாரு. புடிக்கறதுக்குன்னு அவரு இடுப்புல கட்டியிருக்கிற பட்டியை நான் தொட்டுக்கிட்டு மட்டும் நின்னேன்."

மகன் அம்மாவைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான். மேஜையைத் தள்ளி, கேமராவைத் திறந்து, திரையை அப்பா பக்கம் திருப்பி, பொத்தானை அழுத்தினான்.

"அப்பா, நானே கேக்கறேன். அந்த இல்லத்துக்குப் போலாமா? நீங்க என்ன சொன்னாலும் சரி. போலாமா?"

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் மெல்லத் திரும்பியது. திரையில் ஒரு கணம் தன்னைப் பார்த்தது. முதுகு நாற்காலியைவிட்டுப் பிரிந்தது. வார்டு அக்கா அனிச்சையாக அவருக்குப் பின்னால் போய்ப் பட்டியைப் பிடித்தாள். மகன் உதவிக்குக் கை நீட்டினான். "தொடாதே" என்றாள்.

இடது கை வந்தது. திரையைத் திருப்பியது. மூடியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

அவர் பின்னால் சாயவில்லை. அப்படியே குனிந்தபடி, மகனுடைய முகத்துக்கு நேராக வாயைத் திறந்தார். நல்ல பக்கம் ஒத்துழைத்தது, கெட்ட பக்கம் இழுத்தது. எச்சில் வழிந்தது. அதைப் பற்றி இந்தத் தடவை அவர் கவலைப்படவில்லை.

"ஓரமா... நிறுத்து."

மகனும் ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து இருக்கையில் அவரை வைத்துக்கொண்டு ஓட்டப் பழகியவன்தான். அவன் எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் செய்து, இடம் வேண்டாம் என்று சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

"அடடா, இது பதிவாகலையே அண்ணி" என்றாள் நாத்தனார். அவள் கண்ணில் தண்ணீர்.

"ஆகாது. மூடிட்டாரே" என்றாள் வார்டு அக்கா. மகன் உள்ளே வந்ததும் இடுப்புப் பட்டியின் ஒரு பக்கத்தை அவன் கையில் திணித்தாள். "வந்தவன் சும்மா நிக்காதே. அந்தப் பக்கம் நில்லு. தூக்காதே, தொட்டுக்கோ, போதும். அவரே எழுந்திருப்பாரு."

மேஜையை ஒரு முழம் பின்னால் தள்ளி, கேமராவைத் திறந்து வைத்தாள்.

பிரேக் அவளைப் பார்த்து, மகன் முன்னாலேயே, அந்தப் பழைய கெட்ட வார்த்தையைத் தெளிவாகச் சொன்னார். பிறகு குனிந்தார்.