மடக்கிய விசிறி

அலோய்ஸ் கோபெட்ஸ்கி மொராவியாவில் ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகன். ராணுவ பாண்டில் கிளாரினெட் ஊதி, சீருடையைக் கழற்றியதும் வியன்னாவுக்கு வந்து, புறநகர் நாடகக்கொட்டகை ஒன்றில் வாத்தியக் குழுவை நடத்தினார். அடுத்தவர் பாட்டுக்குக் கோல் வீசி வீசிக் கை வலித்தபோது சொந்தமாகவே ஓர் ஓபரெட்டா, அதாவது பாட்டும் கேலியுமாய் ஒரு நாடகம், எழுதினார். ‘ஆலைக்காரியின் விசிறி’ என்று பெயர். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வியன்னாக்காரர்கள் கதைக்காகவா கொட்டகைக்கு வருகிறார்கள்?

பாட்டு பிடித்துவிட்டால் அவர்கள் லேசில் விடமாட்டார்கள். இன்னொரு தரம் பாடு என்று காலால் தரையை உதைப்பார்கள். பாட்டை மூன்று தரம் கேட்டு வாங்கிவிட்டார்களானால் மறுநாளே அது அச்சுக்குப் போகும். அடுத்த வாரம் தெருமுனையில் பெட்டி வாத்தியக்காரன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அதையே வாசித்துக்கொண்டிருப்பான். இரண்டோடு நின்ற பாட்டை நாய்கூடச் சீந்தாது.

முதல் நாள் ஆட்டத்தில் ஆலைக்காரியாகப் பாடியவள் ஸாலி. அன்று அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வைத்தியர் மருந்து தடவிவிட்டு, அளவாகப் பாடு என்று எச்சரித்திருந்தார். திரை விலகுமுன் கோபெட்ஸ்கியே அவளிடம் ஒரு யோசனை சொன்னார்.

“விசிறி விரிஞ்சிருந்தா பாடறேன்னு அர்த்தம். மடக்கி நெஞ்சுல வச்சிட்டியா, முடியலன்னு அர்த்தம். நான் கோலைக் கீழ வச்சிடறேன். போதுமா?”

“ஜனங்க உங்களத் தின்னுடுவாங்க மாஸ்டர்.”

“தின்னட்டும். உன் தொண்டையவிடவா?”

சொல்லும்போது மனதாரத்தான் சொன்னார். விசிறிப் பாட்டை இரண்டாம் தரம் முடித்ததும் கொட்டகை அதிர்ந்தது. பக்கவாட்டு மாடத்தில், பாட்டுகளை அச்சிடும் பதிப்பாளர் எழுந்து நின்று கை தட்டினார். ஸாலி விசிறியை மடக்கி நெஞ்சில் வைத்தாள். கோபெட்ஸ்கி அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துக்கொண்டே கோலைத் தூக்கினார்.

கோல் எழுந்தபின் பாடாமல் நிற்க ஒரு பாடகியால் முடியுமா? பாடினாள். உச்சத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஜனங்கள் அதையும் நடிப்பென்று நினைத்துக் கை தட்டினார்கள். அந்தக் குரல் பிறகு திரும்பவே இல்லை.

மறுவாரம் அவளைப் பார்க்கப் போனார். படுக்கையருகே தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றவருக்கு வாயில் பொய்தான் வந்தது.

“விளக்கு கண்ண அடிச்சுது ஸாலி. விசிறி தெரியல.”

“விளக்குதானே? அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க” என்றாள் கரகரத்த குரலில்.

அவள் திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அதன்பின் அவர் எழுதியது எதுவும் ஓடவில்லை. எந்தக் கதாநாயகிக்கும் உச்ச ஸ்வரமே வைக்கமாட்டார். பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதுபோல் இவருடைய நாயகிகள் பாடுகிறார்கள் என்று பத்திரிகைக்காரன் கிண்டலடித்தான். பெட்டி வாத்தியக்காரன் விசிறிப் பாட்டோடு தெருவுக்குள் நுழைந்தால், கோடை வெக்கையிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். ஸாலிக்கு அதே கொட்டகை வாசலில் வருகிறவர்களின் மேலங்கிகளை வாங்கி வைக்கும் வேலை கிடைத்தது. சிபாரிசு இவர்தான். ஆட்டம் முடிந்து இவர் கையில் அங்கியைக் கொடுக்கும்போதெல்லாம், “இன்னிக்குக் கூட்டம் எப்படி மாஸ்டர்?” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் இவர் குன்றிப்போவார். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நாக்கு நுனிவரை வரும். அங்கியின் கைக்குள் கையை நுழைத்துக்கொண்டு போய்விடுவார்.

தலை நரைத்த காலத்தில், வேறு சரக்கில்லாத கொட்டகை முதலாளி பழைய ‘ஆலைக்காரி’யைத் தூசிதட்டி எடுத்தார். புதிய நாயகி ஹெர்மினேவுக்கு இரும்புத் தொண்டை. ஞாயிறு மதிய ஆட்டம். இரண்டாம் தரம் பாடியதும் ஜனங்கள் தரையை உதைத்தார்கள். ஹெர்மினே விசிறியை மடக்கி நெஞ்சில் வைத்தாள்.

கோபெட்ஸ்கி அதைப் பார்த்தார். கோலைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். சீழ்க்கையும் வசவும் பறந்தன. அவர் அசையவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மனம் லேசாயிற்று.

ஆட்டம் முடிந்ததும் அங்கி வாங்கும் இடத்தில் ஹெர்மினே பாய்ந்து வந்தாள்.

“என் பாட்ட எதுக்கு நிறுத்துனீங்க? மூணாவது தரம் கேட்டாங்கல்ல!”

“நீ விசிறிய மடக்குனியேம்மா...”

“கை வேர்த்து வழுக்குச்சு, மடக்குனேன்! அதுக்கு? என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!” அழுதுகொண்டே படியேறிப் போனாள்.

ஸாலி அங்கியைக் கையில் வைத்தபடி நின்றாள். இன்றைக்கு அவள் கூட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

“அன்னிக்கு விளக்கு கண்ண அடிச்சுதுன்னு சொன்னீங்க. இந்தக் கஞ்ச முதலாளி இன்னும் விளக்க மாத்தல மாஸ்டர். அதே விளக்குதான்.”

“தெரிஞ்சுது ஸாலி. அன்னிக்கும் தெரிஞ்சுது. பாத்துட்டேதான் தூக்கினேன். என்ன மன்னிச்சிடு.”

அவர் நீட்டிய கையில் அவள் அங்கியைக் கொடுக்கவில்லை.

“என்கிட்ட கேக்க இவ்ளோ காலம் ஆச்சு உங்களுக்கு. மேல ஒருத்தி அழுதுட்டிருக்கா. அவகிட்டயாவது இன்னிக்கே போய்க் கேளுங்க.”

அவர் படியேறினார். அங்கி அவள் கையிலேயே இருந்தது.