கதவுக் கண்ணாடியில் வேறொரு எண்

எலெக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் காவலாளி ஒரு காலையில் என்னை லிஃப்ட் வாசலிலேயே நிறுத்தி, "சார், நிம்ம காடி ஒந்தே சமனே கூகுத்தாயிதெ" என்றார். அவர் ராய்ச்சூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய கன்னடம் எனக்குப் பாதிதான் பிடிபடும். என் காரில் இருப்பது தமிழ்நாட்டுப் பதிவெண். எங்கே நிறுத்தினாலும் யாராவது ஏதாவது சொல்வார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, "ஆய்து, தெகீத்தினி" என்றேன். எடுத்துவிடுகிறேன் என்று பொருள். கீழே போய்ப் பார்த்தபோது வண்டி அமைதியாக இருந்தது. வேறொரு தூண் ஓரமாக நகர்த்திவிட்டு லிஃப்டுக்குத் திரும்புவதற்குள் ஹார்ன் தானாக அலறத் தொடங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால் வைப்பர்கள் காய்ந்த கண்ணாடியின் மேல் கறகறவென்று போய் வந்துகொண்டிருந்தன. தரைக்கு அடியில் இருக்கும் வண்டி நிறுத்துமிடத்தில் மழை பெய்ய வழியில்லை. வண்டி விடாமல் கத்துகிறது என்றுதான் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊர் குடியாத்தத்தில் இப்படி ஒரு வண்டி கத்தியிருந்தால் எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து திட்டுவார். பிறகு அவரே பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றுவார். இங்கே என் வண்டியின் படம் வாட்ஸாப் குழுவில் வந்தது, அதன் கீழே கைகூப்பும் சின்னங்கள். நேரில் வந்து திட்ட ஆள் இல்லாததும் ஒரு குறைதான் என்று வெளியூர் வந்த பிறகுதான் தெரிகிறது.

"வித்துடுங்கப்பா" என்றான் மகன். நான் கேட்கவில்லை. கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு வாங்கிய வண்டி அது. இங்கே மகன் வீட்டோடு வந்து சேர்ந்தபோது நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். பதிவெண்ணை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. மாற்றினால் இனித் திரும்பப் போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு பயம். ஹார்னுக்குப் பிறகு கதவுகளும் தாமாகப் பூட்டிக்கொள்ளத் தொடங்கின. அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கடையின் முன்னால் அது நடந்தது. என் மனைவி கோமதிக்கு முழங்கால் வலி. எப்போதும் பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்துதான் வருவாள். அவளுக்கு மருந்து வாங்க இறங்கினேன். ஏ.சி. ஓடட்டும் என்று சாவியை வண்டியிலேயே விட்டிருந்தேன். கதவைச் சாத்தியதும் நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன. சற்று நேரத்தில் எஞ்சினும் நின்றது. கண்ணாடிகளும் இறங்கவில்லை. பேரனுக்காகப் பின் கதவுகளில் போட்டிருந்த சைல்டு லாக்கை நான் எடுக்கவே இல்லை, அதனால் உள்ளிருந்து அவளால் திறக்க முடியவில்லை. பூட்டுக் குமிழும் இறுகிக் கிடந்தது, அவள் இழுத்தும் வரவில்லை. முன் இருக்கைகளுக்கு நடுவே நுழையப் பார்த்தாள். முழங்கால் மடங்கவில்லை. மதிய வெயில். இன்னொரு சாவி வீட்டில், என் பீரோவில். மகனுக்குப் போன் செய்தேன். கிளம்பிவிட்டதாகச் சொன்னான்.

ஷிப்ட் முடிந்து போய்க்கொண்டிருந்த ஒரு தொழிலாளி ஓரத்தில் கிடந்த கல்லை எடுத்துக்கொண்டு வந்தார். "கிளாஸ் ஒடீலா சார்?" உடைக்கட்டுமா என்கிறார். "பேட, பேட! கீ பருத்தெ" என்றேன். வேண்டாம், சாவி வருகிறது. கோமதி முகம் சிவந்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். இந்தப் பழைய வண்டிக்குக் கண்ணாடி எங்கே கிடைக்கும் என்பதுதான் அப்போது என் மனத்தில் ஓடியது. இதைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அந்த மனிதர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு குனிந்து, கல்லை அவளுக்குக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். அவள் தலையசைத்தாள். மறுபக்கம் தள்ளி உட்காரும்படி கையைக் காட்டினார், உடைத்தார், கையை விட்டுப் பூட்டுக் குமிழைப் பலமாக மேலே இழுத்துக் கதவைத் திறந்தார். கோமதி சேலையிலிருந்த சில்லுகளை உதறினாள். அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். ஓர் ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் நான் ஏதேதோ விளக்கம் சொன்னேன். காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள் ஒன்றுதான் சொன்னாள்: "அந்த ஆளு என்னைக் கேட்டாருங்க. நீங்க கேக்கலை."

ஆம்பூரில் இருக்கும் அவளுடைய அக்கா படுத்த படுக்கை. மாதம் ஒரு முறை நாங்கள் இருவரும் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அதன் பிறகு அவள் மகனோடு ரயிலில் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. இனி என் வண்டியில் ஏறுவாளா என்பது ஒன்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது. வண்டியைச் சரிசெய்தால் அதுவும் சரியாகிவிடும் என்று நம்பினேன். படித்தவன் இப்படியும் நம்புவான்.

மர்பி டவுனில் தாஸ் என்ற ஆட்டோ எலெக்ட்ரீஷியனைச் சொன்னார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்றைக் கழற்றி எடுத்தார். பாடி கண்ட்ரோல் மாட்யூல். விளக்கு, ஹார்ன், வைப்பர், பூட்டு, கண்ணாடி எல்லாமே அதன் சொல்படிதான் நடக்குமாம். உள்ளே தண்ணீர் இறங்கிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"இன்னா சார், ஆயுத பூஜைக்கு காடிய உள்ளயே குளிப்பாட்டிட்டீங்களா?"

உண்மைதான். குடியிருப்பில் எல்லா வண்டிகளும் வாழைக்கன்று கட்டி வரிசையாக நின்ற அன்று, என் வண்டி மட்டும் வெளியூர்க்காரனாக நிற்கிறதே என்று பட்டது. பக்கெட் பக்கெட்டாக உள்ளேயும் ஊற்றிக் கழுவினேன், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், டாஷ்போர்டின் மேலேயே தேங்காயும் உடைத்தேன்.

"வுடுங்க சார், கன்னடக்காரனும் இத்தான் பண்றான், நம்மாளும் இத்தான் பண்றான். பூஜை முடிஞ்சா நமக்கு சீசன்" என்று சிரித்தார். "புது பாக்ஸ் கம்பெனில நிறுத்திட்டாங்க. ஸ்கிராப்புக்குப் போன காடிலருந்து எடுத்துனு வர்றேன். டோர் கிளாசும் அதே காடில கெடைக்கும்."

"உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டேன். தமிழ் பேசுகிறவர்களைக் கண்டால் இது என் வழக்கம்.

"இத்தான் சார் ஊரு" என்றார், கேள்வியே புரியாதவர் போல.

பழைய பெட்டியைப் பொருத்தினால் மட்டும் போதாது. "இது வேற காடி மூளை சார். யாருன்னு கேட்டா பழைய பேரத்தான் சொல்லும். லேப்டாப் போட்டு உங்க காடிய அதுக்கு சொல்லிக் குடுக்கணும். வூட்ல இருக்கிற சாவி எல்லாத்தியும் கொண்டாந்துடுங்க. இன்னிக்கு காட்டாத சாவிய நாளைக்கு அது சேர்த்துக்காது."

இரண்டு சாவிகளையும் கொடுத்தேன். இரண்டுமே இத்தனை ஆண்டுகளாக என்னிடம்தான் இருந்திருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. சைல்டு லாக்கை எடுக்கச் சொன்னேன். லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே தாஸ் கேட்டார்: "ஓடும்போது தானா லாக் ஆவணுமா, வேணாமா?"

"ஆகட்டும்" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டு கோமதிக்குப் போன் செய்தேன்.

"அதை எதுக்கு என்னைக் கேக்கறீங்க?"

"நீதானே உள்ள உக்காரப் போறே."

குக்கர் விசில் கேட்டது. வைத்துவிட்டாளோ என்று நினைத்தபோது, "வேணாம்" என்றாள். பிறகு, "உக்காரப் போறேன்னு நான் சொல்லவே இல்லையே" என்றாள்.

தாஸ் என் முகத்தைப் பார்த்தார். "அம்மா இன்னா சொன்னாங்க, சார்?"

"வேண்டாமாம்."

"அப்ப வேணாம்" என்று ஒரு பொத்தானைத் தட்டினார்.

அந்த மாதமும் அவள் ரயிலில்தான் போனாள். அடுத்த மாதம் மகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இரண்டாவது சாவியை அவள் முன்னால் மேசையில் வைத்தேன். எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பின் இருக்கையில் உட்கார்ந்து, கதவைத் தானே ஒரு முறை சாத்தினாள், உள்ளிருந்து திறந்து பார்த்தாள், மறுபடி சாத்தினாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அவள் வேறு வழியில்லாமல் வந்தாள்.

ஸ்கிராப்பிலிருந்து வந்த அந்தக் கண்ணாடியின் ஓரத்தில், மேலிருந்து கீழாகப் பழைய சொந்தக்காரர் பொறித்து வைத்த கர்நாடகப் பதிவெண் இருக்கிறது. அதை அழிக்க முடியாது. ஆம்பூர் போகும் வழியில், அத்திப்பள்ளி மாநில எல்லையில், வண்டிகள் ஊர்ந்தன. தூறல் போட்டது. போலீஸ்காரர் ஒருவர் முன்னால் இருந்த தமிழ்நாட்டு எண்ணைப் படித்தார். பின் கதவின் எண்ணையும் படித்தார். "யாவூரு சார்?" என்றார். எந்த ஊர் என்கிறார். என்ன பதில் சொல்வது என்று நான் கோமதியைத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடிக்க, அவர் போகும்படி கையசைத்தார்.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. கோமதி சாவியை உள்ளங்கையில் மூடிப் பிடித்தபடி கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தாள். அந்த எண்ணும் பாதி கதவுக்குள் போய்விட்டது, பாதி வெளியே நனைந்தது. நனைகிறாயே, கண்ணாடியை ஏற்று என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. தூறல் அவள் தோளிலும் இருக்கையிலும் விழுந்துகொண்டிருந்தது.