பெட்டி பேசக் கூடாது

ஞானம் அக்கா இறந்த தந்தி வந்தபோது நான் அவரைப் பார்க்கப் போவதற்காகத்தான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அதுவும் மூன்றாவது முறையாக. கையில் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி, அதைச் சுற்ற ஒரு பழைய துண்டு. என் வீட்டுக்காரர் வாசலில் தந்தியை வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "ரெஜினா, அண்ணி போயிட்டாங்க" என்றார். அப்போது என் வாயில் முதலில் வந்தது செபம் அல்ல. "பெட்டி இன்னும் மூடலையே" என்றேன்.

நம் மாதா சபையில் மூத்தவர்களுக்கு ஞானம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. சாந்தோமில் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், பதினாறு வருஷம் இருந்தோம். அவர் கணவர் காலமான பிறகு, மகன் அருளோடு திருச்சிக்குப் போய்விட்டார். அருளுக்கு அங்கே ரயில்வேயில் வேலை.

தந்திக்கு மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை, அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பென்சிலில், கோணல் எழுத்தில் நாலே வரி. "உடம்பு சரியில்லை. உன்னிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒரு சேலை போதும். உடனே வா."

அந்தக் கடைசி இரண்டு வரியை நான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று சொன்னால்தான் இந்த எழுத்துக்கே அர்த்தம் உண்டு.

வேளாங்கண்ணித் திருநாளுக்கு நம் தெருவே கிளம்பும்போது எல்லார் வீட்டுப் பெட்டியையும் அவர்தான் அடுக்குவார். யாரும் கூப்பிட மாட்டார்கள், அவரே வருவார். மடித்து வைத்ததையெல்லாம் கட்டில்மேல் கொட்டுவார். "டம்ளருக்குள்ள காத்தை அடைச்சு எதுக்கு ஊருக்குக் கொண்டு போறே? அங்க காத்து இல்லியா?" என்று அதற்குள் பிள்ளைகளின் பனியனைத் திணிப்பார். கனமானது கீல் பக்கம், கசங்குவது மேலே, முதலில் தேவைப்படுவது கடைசியில். எல்லாம் முடிந்ததும் பெட்டியைப் பூட்டி, இரண்டு கையாலும் தூக்கி, காதுப் பக்கம் வைத்துக் குலுக்குவார். உள்ளே ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் போச்சு. "பெட்டி பேசக் கூடாது. பேசினா மறுபடி அடுக்கணும்." ஒருமுறை எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, இது பெட்டியா, பிறந்த குழந்தையா? இந்தப் பாடு படுத்தறீங்களே" என்றேன். "குழந்தை பேசலாம். பெட்டிதான் பேசக் கூடாது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான அந்தச் சித்திரை மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. ஆண்கள் ஆபீசுக்காக இங்கேயே இருக்க, பெண்டு பிள்ளைகளை மட்டும் திண்டிவனத்தில் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு டிரங்குப் பெட்டி. அதில் எனக்கென்று நான் வைத்தது ஒன்றுதான்: என் அம்மா கல்யாணத்தன்று கையில் கொடுத்த, ஒரு சாண் உயர மாதா சுரூபம். மரத்தில் செய்தது. இரண்டு சேலைக்கு நடுவே பத்திரமாக வைத்தேன். வைத்த சாமான்களை வரிசையாக எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டினேன். பள்ளிக்கூடம் போகாதவள் நான். ஞானோபதேசப் புத்தகத்தைப் பார்த்து எழுதப் படித்தவள். எழுதி வைத்தால்தான் எனக்கு மனசு அடங்கும்.

திண்டிவனத்தில் பெட்டியைத் திறந்தால் சுரூபம் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு படி ரவையும் இரண்டு கருப்பட்டி வட்டும் இருந்தன. என் காகிதத்தில் அந்த ஒரு வரிமேல் பென்சில் கோடு.

"எங்கே அக்கா?"

"அலமாரியில பத்திரமா இருக்கு. பெட்டி டொக்கு டொக்குன்னு பேசிச்சு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ விடுவியா?"

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். அலமாரியின் பின்பலகை வழியாகக் கரையான் ஏறியிருந்தது. மாதாவின் முகம் இருந்த இடத்தில் மண். கையில் எடுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் பக்கத்தில் வந்து பார்த்தார். "மரம்தானே ரெஜி, மாதா மோட்சத்தில இருக்காங்க" என்றார். அவர் சொன்னது ஞானோபதேசப்படி சரி. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. 

அதற்குப் பிறகு அவர் திருச்சிக்குப் போகும் வரையில், உப்பு எங்கே, புளி எங்கே என்பதற்குமேல் நான் அவரோடு பேசவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "சமாதானமாகிவிடு மகளே" என்றார் சுவாமியார். சுவாமியாருக்கு ஓரகத்தி கிடையாது. அக்கா முதலில் வாய் திறக்கட்டும் என்று நான் இருந்தேன். அவரோ பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார்.

இப்படிப்பட்டவர் "ஒரு வார்த்தை சொல்லவேண்டும்" என்று எழுதுகிறார். அன்றே ரயில் ஏறியிருக்க வேண்டாமா? செவ்வாய்க்கிழமை மாலை வண்டிக்கு என் வீட்டுக்காரர் தயாராக நின்றார். நான்தான் போகவில்லை. ஒரு சேலையோடு போய் நின்றால், "இவ்வளவு வருஷம் கூட இருந்தும் உனக்கு ஒரு பெட்டி அடுக்கத் தெரியலியா?" என்று அந்த மனுஷி கேட்பார் என்றே என் மனசு சொல்லிற்று. நாலு சேலை, பேரப்பிள்ளைகளுக்கு பிஸ்கட் டப்பா, மந்திரித்த எண்ணெய், அவருக்குப் பிடித்த நார்த்தங்காய் ஜாடி. அடுக்கினேன், பூட்டினேன், குலுக்கினேன். ஜாடி பேசிற்று. பிரித்து அடுக்கினேன். இப்போது டப்பா பேசிற்று.

"வண்டி போயிடும் ரெஜினா."

"போகட்டும். நாளைக்கும் வண்டி உண்டு."

புதன்கிழமையும் அதே கதை. வியாழக்கிழமை காலை தந்தி.

பிறகு எதையும் சுற்றவில்லை. கிடந்ததைக் கிடந்தபடி போட்டு மூடினேன். ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்ததும் கால்மாட்டில் பெட்டி ஆட ஆரம்பித்தது. லஸ் முனையில் திரும்பும்போது ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பொட்டிக்குள்ள இன்னா கீது? லொடலொடன்னு பேசிக்கினே வருது?"

"பேசட்டும்ப்பா. நீ பாத்து ஓட்டு."

எழும்பூரிலிருந்து திருச்சி வரைக்கும் அது வாயை மூடவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி குலுங்கி நிற்கும்போது, நான் செய்த காரியத்தை ஊரறியச் சொல்வதுபோல் இருந்தது. செபமாலையை எடுத்தேன். பத்து மணி உருட்டுவதற்குள் கணக்குத் தவறிற்று.

கல்லறைக்குக் கொண்டுபோகும் முன் முகத்தைப் பார்த்தேன். உதடு மூடியிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு அருளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அம்மா எனக்கு ஏதாவது சொல்லிவிட்டாங்களா?"

"உங்ககிட்டதான் சொல்லுவேன்னு சொல்லிட்டாங்க சித்தி. தினமும் பட்டணத்து வண்டி வந்தாச்சான்னு கேட்பாங்க. புதன்கிழமை ராத்திரி சிரிச்சுக்கிட்டே, 'ரெஜி இன்னும் பெட்டி அடுக்கிட்டிருப்பா. நான்தானே அவளைக் கெடுத்தேன்'னாங்க."

"அதுதான் அந்த வார்த்தையா?"

"தெரியலியே சித்தி. தண்ணி கேட்டாங்க. குடிச்சிட்டுத் தூங்கிட்டாங்க."

ஞானம் அக்கா, இது நியாயமா? எழுதத் தெரிந்த உங்களுக்கு அந்த ஒரு வார்த்தையைக் கார்டிலேயே எழுதினால் என்ன? சுரூபத்துக்காக மன்னிப்பா? அல்லது நான் ஏழு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்ததற்குத் திட்டா? எதுவானாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பெட்டி பேசக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே நீங்களும் பேசாமல் போய்விட்டீர்கள். சொல்ல எனக்கும் ஒரு வார்த்தை இருந்தது. திண்டிவனத்தில் அந்த ரவைக் கஞ்சியைத்தான் என் கடைக்குட்டி பத்து நாள் காய்ச்சலில் குடித்தான். அதை உங்களிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை.

சகோதரிகளே, அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொள்ளுங்கள். எனக்காகவும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

அவர் என்னிடம் விட்டுப்போனது அந்தக் கார்டு ஒன்றுதான். செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். திருச்சியிலிருந்து வந்ததும் டிரங்குப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை மாட்டியிருக்கிறேன்.

"எங்கே கிளம்பறே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"எங்கேயும் இல்லை. யாராவது வான்னு எழுதினா எடுத்துக்கிட்டுப் போக."

அதில் ஒரே ஒரு சேலை இருக்கிறது. பழக்க தோஷம், மாட்டுவதற்கு முன் காதுப் பக்கம் வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். அது பேசவில்லை.