பஞ்சர் கடையில் சொன்ன சாட்சி

ஆந்திர எல்லையோரப் பிச்சாட்டூரில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர் கோபிகிருஷ்ணன். கருகிப்போன மோட்டாரும் அவர் கைபட்டால் மறுநாள் தண்ணீர் இறைக்கும். வாயைத் திறந்தால்தான் தொல்லை. திக்குவாய்.

போன கோடையில் சபையில் பாஸ்டர் சொல்லிவிட்டார்: "இந்த மாசம் ஆளுக்கு ஒருத்தர்கிட்டயாவது ஏசப்பாவைப் பத்திச் சொல்லணும்."

"பேசாம ஒரு நோட்டீஸ் குட்துட்டு வந்துடு" என்று மனைவி மஞ்சு வழி சொன்னாள். கோபி கேட்கவில்லை. தன் வாயால்தான் சொல்வது என்று முடிவுகட்டினார்.

ஆள், பக்கத்துப் பஞ்சர் கடை ஏழுமலை. இருபது வருடச் சிநேகம். மாதம் தவறாமல் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர். நல்ல மனசு, ஆனால் பொறுமை கிடையாது. கோபி ஒரு பேச்சைத் தொடங்கினால் ஏழுமலைதான் முடித்துவைப்பார். பெரும்பாலும் தப்பாக.

திங்கட்கிழமை கோபி போய் நின்றார். "ஏ... ஏ..."

"ஏழுமலைதான்டா. இன்னா சொல்லு."

"ஏ... ஏ..."

"ஏணி வோணுமா? பின்னால கீது, எட்துக்கோ."

ஏணியோடு திரும்பினார் கோபி. செவ்வாய்க்கிழமை போனபோது ஏலக்காய் டீ வந்தது.

புதன்கிழமை புத்தூரிலிருந்து ஒரு தெலுங்குக்காரர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏழுமலை டியூபைக் கழற்றினார். வந்தவர் பொழுது போகாமல் கோபியின் கடைப் பலகையையும் சுவரிலிருந்த பைபிள் வசனக் காலண்டரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கிருஷ்ணன் பேரை வைத்துக்கொண்டு சர்ச்சுக்கா போகிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டார்.

கோபி படித்தது தெலுங்குப் பள்ளியில். தெலுங்கில் அவருக்கு அவ்வளவாகத் திக்காது. மளமளவென்று சொன்னார்:

"பன்னிரண்டு வருஷம் முன்னால் மஞ்சு ஒரு ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். என்னையும் தமிழில் ஜெபிக்கச் சொன்னார்கள். ஒரு நிமிஷ ஜெபத்துக்குக் கால்மணி நேரம் ஆனது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை. அதற்கு முன்னால் நான் பேசி முடிக்கும்வரை எனக்காக ஒருவரும் காத்திருந்ததில்லை. இவர்களுக்கு இந்தப் பொறுமையைக் கொடுத்த சாமி யார் என்று தேடிப்போனேன். அவர்தான் இயேசு."

"பாகுந்தி" என்று மெச்சிவிட்டு, பஞ்சர் ஒட்டிய பைக்கோடு வந்தவர் கிளம்பிப்போனார்.

ஏழுமலைக்கும் தெலுங்கு புரியும், ஆனால் இருவரும் பேசிக்கொள்வது எப்போதும் தமிழில்தான். "ஏன்டா கோபி, இத்தினி வருசமா நான் உன்ன ஒரு பேச்சும் முடிக்க வுட்டதே இல்லியா?"

கோபி சிரித்தபடி, விட்டதே இல்லை என்று தலையாட்டினார்.

"செரி, குந்து. இப்ப சொன்னியே, அத்த எனக்குத் தமிள்ல சொல்லு."

நாற்பது நிமிடம் ஆனது. காற்றடிக்க வந்த மூன்று பேரைக் கையமர்த்தி நிற்கவைத்தார் ஏழுமலை. நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழுமலை இன்னும் சபைப் பக்கம் வரவில்லை. காணிப்பாக்கமும் நிற்கவில்லை. தன் மகள் பிரித்திகா நர்சிங் பரீட்சை எழுதப் போனபோது மட்டும், "உன் சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வையிடா" என்று கேட்டுக்கொண்டார். கோபியும் தினமும் சொன்னார். பிரித்திகா பாஸ். எந்தச் சாமியால் என்று சிநேகிதர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தான் படித்ததால்தான் என்கிறாள் அவள்.