தீவுப் படகில் ஒரு கலயம்

போர்ட் கிள்ளான் படகுத்துறை. முதுகுப்பையோடு ஊர் சுற்றும் வெள்ளைக்கார இளைஞர்களைப் பார்த்து வந்த ஆசையில், நாற்பதைத் தாண்டிய நாங்கள் மூன்று பேர் முதுகில் மூட்டையோடு தீவில் கூடாரம் அடிக்கக் கிளம்பியிருக்கிறோம். மூட்டையில் பாதி முட்டிவலித் தைலம்.

நாங்கள் பேசிவைத்த படகின் அருகே, மொட்டையடித்த ஒருவர் அப்பாவின் அஸ்திக் கலயத்தோடு தனியாக நிற்கிறார். அவருடைய படகு பழுதாம். இன்னும் சற்று நேரத்தில் கடல் உள்வாங்கித் துறையில் தண்ணீர் வற்றினால் எந்தப் படகும் நகராது.

"பாஸ், இவரையும் ஏத்திக்கலாமா?" என்கிறார் படகுக்காரர்.

"என்ன அண்ணே கேள்வி, ஏறச் சொல்லுங்க லா," என்கிறான் நண்பன் மணியம்.

கரை மறைந்ததும், அஸ்தியைக் கரைப்பதற்காகப் படகுக்காரர் இன்ஜினை நிறுத்துகிறார். நாங்கள் தொப்பியைக் கழற்றுகிறோம். உல்லாசப் பயணத்துக்கென்று போட்டுவந்த சட்டையில் பூத்திருக்கும் செம்பருத்திகளை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை.

அவர் கலயத்தின் துணியை அவிழ்க்கிறார். "அப்பாவுக்குக் கூட்டாளிங்க நெறைய, அண்ணே," என்கிறார், யாரும் கேட்காமலே. "இன்னைக்கு யாருக்கும் லீவு கெடைக்கல."

ஆடும் படகில் மணியம் தட்டுத்தடுமாறி அவர் பக்கத்தில் போய் உட்கார்கிறான்.

"பூ இருக்கா தம்பி? எங்க கையிலயும் கொஞ்சம் குடுங்க. அப்பா பேரு என்னா?"